பாஞ்ஸ்காவின் பொன், தாரமங்கலத்துத் தூண்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பட்டறையில் அடுப்பு மூட்டுவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் படுத்திருந்தபோது பெரியவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. அவன் செர்பியாவில் கிராலேவோ என்ற ஊரில் வெல்டராக இருக்கிறான். போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. முதல் படத்தில் மலை. ஏற்காட்டுக்குப் பாதி வளைவு ஏறியதும் தெரிகிற மாதிரி மரமும் மூடுபனியுமாக இருந்தது. அடுத்த படத்தில் புல்வெளி நடுவே ஒரு வெள்ளைக் கோயில். கூடவே அவன் குரல்: “அப்பா, இது பூரா வெள்ளைக்கல்லுங்கப்பா. எண்ணூறு வருசத்துக்கு மேல ஆகுதாம்.”

சேலத்தில் பிறந்தவனுக்கு வெள்ளைக்கல் என்றால் மேக்னசைட்தான். ஜங்ஷனைத் தாண்டி கருப்பூர்ப் பக்கம் போனால் தோண்டிப் போட்ட கரடுகள் வெயிலில் கண் கூசும். எங்கள் பெரியப்பா அங்கே கல் உடைத்தவர். மேக்னசைட்டை வறுத்துச் சூளைக்குச் செங்கல் செய்வார்கள், அதில் யாரும் கோயில் கட்ட மாட்டார்கள். “என்ன கல்லுன்னு சரியாக் கேளு” என்றேன். சாயங்காலம் பதில் வந்தது. பளிங்கு. பக்கத்திலேயே ராதோச்செலோ என்று ஒரு மலை, அங்கே வெட்டியது. மடத்தின் பெயர் ஸ்டுடெனிட்சா. கட்டியவர் ஸ்டெஃபான் நெமான்யா.

அன்று இரவு ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். செல்போனில் தேடுவது, மொழிபெயர்ப்பில் போட்டுப் படிப்பது, புரியாததை மகனிடம் கேட்பது, அவன் தன்னோடு வேலை செய்யும் செர்பியக்காரரிடம் கேட்டுச் சொல்வது என்று ஒரு மாதமாக இதே வேலை. படித்ததை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறை. பெரியவனும் பத்தாவது படிக்கும்போதே பொடி வைத்து ஊதுவான், சலங்கை கோப்பான் (பொடி என்பது வெள்ளியைப் பற்றவைக்கப் போடுவது). கை நன்றாக இருந்தது. ஆனால் மெஷின் சங்கிலி வந்த பிறகு கைவேலைக்குக் கூலி ஏறவில்லை. அவன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்துவிட்டு, வெளிநாடு போகிறேன் என்றான். நெருப்பை விட்டு நெருப்புக்குத்தான் போகிறான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. அவன் கிளம்பிய அன்று வழியனுப்பக்கூடப் போகாமல் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் நெமான்யாவின் கதை என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

நெமான்யா 1166 வாக்கில் செர்பிய நாட்டின் பெருந்தலைவர் ஆனவர். தன் சகோதரர்களோடு சண்டை போட்டு ஆட்சியைப் பிடித்தவர், கான்ஸ்டான்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசை எதிர்த்துத் தோற்றவர், மறுபடியும் எழுந்தவர். 1180-களில் ஸ்டுடெனிட்சாவைக் கட்டத் தொடங்கினார். அவருடைய கடைசி மகன் ராஸ்த்கோ. பதினேழு வயது வாக்கில் வேட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, துறவிகளோடு சேர்ந்து கிரேக்க நாட்டு ஆதோஸ் மலைக்கு ஓடிப்போனான். அப்பா படைவீரர்களை அனுப்பினார். வீரர்கள் மடத்துக்கு வந்து காத்திருக்கும்போதே, இரவோடு இரவாகக் கோபுரத்தில் ஏறித் தலைமுடியை மழித்துத் துறவியாகி, மழித்த முடியையும் கழற்றிய அரச உடையையும் அவர்கள் கையில் கொடுத்து, அப்பாவிடம் கொடுங்கள் என்று அனுப்பினான் என்கிறது அவன் வரலாறு. அவன் வைத்துக்கொண்ட துறவுப் பெயர் சாவா.

அந்த முடியைக் கையில் வாங்கியபோது அந்த அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்? இதைப் படித்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1196-ல் நெமான்யா தானே பதவியைத் துறந்தார். மூத்த மகன் வூக்கானை விட்டுவிட்டு இரண்டாவது மகன் ஸ்டெஃபானிடம் நாட்டைக் கொடுத்தார். மனைவி ஆனாவும் துறவு வாங்கினார். நெமான்யா சிமியோன் என்ற பெயரோடு முதலில் தாம் கட்டிய ஸ்டுடெனிட்சாவில் இருந்தார். அப்புறம் எண்பதைத் தாண்டிய வயதில், மகன் இருக்கும் ஆதோஸ் மலைக்கே கிளம்பிவிட்டார். பிள்ளையைத் தேடி வர ஆள் அனுப்பிய அப்பா, கடைசியில் தானே பிள்ளையைத் தேடிப் போனார்.

அங்கே ஹிலந்தார் என்று பாழடைந்து கிடந்த ஒரு மடத்தை அப்பாவும் மகனுமாக 1198-ல் எடுத்துக் கட்டினார்கள். அதற்கு அனுமதி கொடுத்த பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் அலெக்ஸியோஸ், நெமான்யாவுக்குச் சம்பந்தி. ஸ்டெஃபானின் மனைவி அந்தப் பேரரசரின் மகள். நம் ஊரில் ஒரு பட்டா மாற்றச் சம்பந்தி வீட்டு வழியாகப் போய்ப் பேசுவதைப் போலத்தான் அங்கேயும் நடந்திருக்கிறது. அடுத்த ஆண்டு நெமான்யா அங்கேயே இறந்தார். சாவுக்கு முன், என்னைக் கோரைப்பாயில் கிடத்துங்கள், தலைக்கு ஒரு கல்லை வையுங்கள் என்று கேட்டாராம். இதை எழுதி வைத்தவர் மகன் சாவாவேதான். ஹிலந்தாரில் அந்தக் கல்லறையிலிருந்து ஒரு திராட்சைக் கொடி வளர்ந்திருக்கிறது. குழந்தை இல்லாதவர்கள் அதன் பழத்தை இன்றைக்கும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கோயில் மரத்தில் தொட்டில் கட்டும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதற்குள் ஊரில் வூக்கானும் ஸ்டெஃபானும் நாட்டுக்காக அடித்துக்கொண்டார்கள். சாவா 1207 வாக்கில் அப்பாவின் உடலை ஹிலந்தாரிலிருந்து ஸ்டுடெனிட்சாவுக்குக் கொண்டுவந்து, அந்த உடலுக்கு முன்னால் இரண்டு அண்ணன்களையும் நிறுத்திச் சமாதானம் செய்து வைத்தார். பிறகுதான் அங்கே சுவரோவியம் எழுதப்பட்டது. அதுவரை கிரேக்கத்தில் எழுதிவந்த ஓவியக் குறிப்புகளை அங்கே செர்பிய மொழியிலேயே எழுதினார்கள். என் தொழிலுக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. சில படங்களுக்குப் பின்புலமாக மஞ்சள் பூசி, அதன்மேல் தங்க இலை ஒட்டி, மெல்லிய கோடு போட்டுச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் தங்கச் சில்லு பதித்த மொசைக் மாதிரி தெரியும். மொசைக்குக்குக் காசு போதாத இடத்தில் கைத்திறன் அந்த வேலையைச் செய்திருக்கிறது.

அரசன் இப்படி மடம் கட்டிக் கொடுப்பதற்குச் செர்பிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது, ஸதுஷ்பினா. ‘ஆன்மாவுக்காக’ என்ற பொருளில் வரும் இரண்டு சொற்களிலிருந்து பிறந்தது என்று மகனின் நண்பர் சொன்னாராம். செத்த பிறகு தன் ஆத்மாவுக்கு ஆகட்டும் என்று கட்டி வைப்பது. நெமான்யாவுக்குப் பின் வந்த அரசர்களில் பெரும்பாலோர் தனக்கென்று ஒன்று கட்டினார்கள். அதில்தான் தன்னைப் புதைக்க வேண்டும், அங்கே துறவிகள் தினமும் தனக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சுவரில் கட்டியவரின் படம் இருக்கும். இரண்டு கையிலும் சின்னப் பொம்மை மாதிரி அந்தக் கோயிலையே ஏந்திக் கடவுளிடம் நீட்டிக்கொண்டிருப்பார். சமையல் முடித்த பெண் தட்டை நீட்டுவதைப் போல அவ்வளவு பணிவாக இருக்கிறது அது.

பக்தி மட்டும்தானா என்றால், இல்லை. ஒரு பக்கம் ரோமின் போப், இன்னொரு பக்கம் கான்ஸ்டான்டினோபிள். நடுவில் ஒரு சின்ன நாடு தன் காலில் நிற்கப் பார்க்கிறது. நெமான்யாவின் மகன் ஸ்டெஃபான் 1217-ல் போப் அனுப்பிய முடியைச் சூடி அரசரானார். இரண்டே வருடத்தில், 1219-ல், தம்பி சாவா, கான்ஸ்டான்டினோபிளை இழந்த பைசாந்தியப் பேரரசரும் திருச்சபைத் தலைவரும் அப்போது இருந்த நைசியாவுக்குப் போய்ச் செர்பியத் திருச்சபைக்குத் தனி ஆட்சியுரிமை வாங்கிவந்தார். அண்ணன் மேற்கிலிருந்து முடி வாங்க, தம்பி கிழக்கிலிருந்து திருச்சபை வாங்கியிருக்கிறார். இந்த வீட்டில் ஒருவரும் சாமானியப்பட்டவர் இல்லை. குடும்பத்துக்குள்ளேயே ஒரு புனிதர், இரண்டு புனிதர் என்று சேரச் சேர, ஆளும் உரிமை கேட்க வேறு யாருக்கும் வாய் வராது. மடங்கள் அந்தக் காரியத்தையும் செய்தன.

தனித் திருச்சபைக்குத் தலைமையிடமாக ஸ்டெஃபான் கட்டியது ஜீச்சா. அது கிராலேவோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மகன் சைக்கிளிலேயே போய் வந்துவிட்டான். சுவர் முழுக்கச் செம்மண் பூசியதைப் போலச் சிவப்பு. காவிப்பட்டை அடித்த மதிலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்நியமாகவே தெரியவில்லை. அரசர்கள் முடிசூடிய இடம் அது. ஒவ்வொரு முடிசூட்டுக்கும் புதிதாக ஒரு வாசல் திறந்து பிறகு அடைத்துவிடுவார்கள், அப்படி ஏழு வாசல் என்று ஊரில் கதை. அவர்கள் மொழியில் ‘கிரால்’ என்றால் அரசன், கிராலேவோ என்ற பெயரிலேயே அவன் இருக்கிறான்.

ஜீச்சாவில் நுழைவாயில் கோபுரத்துக்கு அடியில் மகன் எடுத்த ஒரு படத்தை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. சுவரில் சாமி படம் இல்லை, வரிவரியாக எழுத்து. இந்த மடத்துக்கு எந்தெந்த ஊர்கள் சொந்தம் என்று அரசன் கொடுத்த சாசனத்தையே சுவரில் வண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள். தாளில் இருந்தால் தொலையும், எரியும், யாராவது திருத்துவார்கள். சுவரில் இருந்தால் போகிறவன் வருகிறவன் எல்லாரும் சாட்சி.

இதை நாம் கல்லில் வெட்டினோம். எந்தப் பழைய சிவன் கோயிலுக்குப் போனாலும் அதிட்டானத்தைச் சுற்றி அதே எழுத்துதான். இன்ன ஊர் தேவதானம் (கோயிலுக்கு விட்டது), இன்ன நிலம் இறையிலி (வரி கிடையாது), நந்தா விளக்கு எரிக்க 96 ஆடு, அந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டு நெய் அளக்கும் இடையன் பேர் இன்னது. செர்பியச் சாசனங்களிலும் அப்படியே. 1330-ல் டெச்சானி மடத்துக்குக் கொடுத்த சாசனத்தில் ஊர்ப் பெயரோடு, அந்த ஊர்க் குடித்தலைவர்களின் பெயர்களும் வரிசையாக இருக்கின்றன. அரசன் தானம் கொடுத்தபோது அந்த ஆட்களின் உழைப்பும் சேர்ந்துதான் கைமாறியது. யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். எழுநூறு வருடம் கழித்து அவர்கள் பேர் மிஞ்சியிருப்பதும் அதே சாசனத்தால்தான். இதில் எதை நினைத்துச் சந்தோஷப்படுவது, எதை நினைத்து வருத்தப்படுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடைசியில் சாபமும் உண்டு. இதை மீறுகிறவன் முன்னொரு காலத்தில் நைசியாவில் கூடிய 318 திருச்சபைத் தந்தையரின் சாபத்துக்கு ஆளாவான் என்று எழுதுவார்கள். நம்முடைய கல்வெட்டில் “கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவம் கொள்வான்” என்று வரும். நம் ஆட்கள் கூடவே இன்னொன்றும் சேர்ப்பார்கள், “இத்தன்மம் ரக்ஷித்தான் ஸ்ரீபாதம் என் தலை மேலின” என்று. எனக்குப் பிறகு இதைக் காப்பாற்றப்போகிறவன் யாரோ, அவன் பாதம் என் தலைமேல். சாபத்தை விட அது என்னை அதிகம் அசைக்கும்.

சரி, இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது? வெள்ளிக்காரனுக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்தது. விடை எங்கள் சரக்குதான்.

நெமான்யாவின் பேரன் முதலாம் உரோஷ் காலத்தில் சாக்சன் என்ற ஜெர்மானியச் சுரங்கக்காரர்கள் செர்பியாவுக்கு வந்தார்கள். 1254-லேயே பிர்ஸ்கோவோ என்ற இடத்தில் அவர்கள் இருந்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. அப்புறம் ருத்னிக், திரெப்சா, நோவோ பிர்தோ என்று வெள்ளிச் சுரங்கங்கள் திறந்துகொண்டே போயின. நோவோ பிர்தோ வெள்ளிக்குத் தனி மதிப்பு, அதில் இயற்கையாகவே பொன் கலந்திருக்கும். வணிகர்கள் அதைக் கிளாமா வெள்ளி என்று தனியாகச் சொல்லி வாங்குவார்கள். கட்டி வெள்ளியை உருக்கும்போது மூசையில் ஒரு மஞ்சள் சாயல் ஓடினால் என் தாத்தா உடனே திராவகத்தை எடுத்துவிடுவார், பொன்னைப் பிரிக்க. அந்தச் சாயல் சுரங்கத்திலிருந்தே வருகிறது என்றால், அந்த நாட்டு அரசன் எப்படித் தூங்கியிருப்பான்!

உரோஷின் மகன் மிலூட்டின் தூங்கவில்லை. 1282 முதல் 1321 வரை ஆண்டார். ஆண்ட ஆண்டுக்கு ஒரு கோயில் என்று நாற்பது கட்டினார் என்பது பேச்சு. எண்ணிக்கை எப்படியோ, நின்று பேசுபவை நிறைய. பிரிஸ்ரென் நகரத்து மாதா கோயில், ஸ்டுடெனிட்சா வளாகத்துக்குள் சின்னதாக 1314-ல் கட்டிய அரசர் கோயில், ஹிலந்தாரில் பழையதை எடுத்துவிட்டுக் கட்டிய பெரிய கோயில், தன் கல்லறைக்கென்று கட்டிய பாஞ்ஸ்கா, கடைசியாக 1321-ல் கிராச்சானிட்சா. கான்ஸ்டான்டினோபிளில் ஒரு மருத்துவமனைகூடக் கட்டினார்.

அதே மனிதர்தான் வெனிஸ் நகரத்து வெள்ளிக் காசைப் போலவே பார்வைக்குக் காசு அடித்து, அதில் வெள்ளியைக் குறைத்தார். பிர்ஸ்கோவோ காசு வந்தால் பிடியுங்கள் என்று வெனிஸ் உத்தரவு போட்டிருக்கிறது. இத்தாலியக் கவிஞர் தாந்தே அந்த அரசனைத் தன் காவியத்தில் வைத்தே திட்டியிருக்கிறார். டச் (வெள்ளியின் சுத்தம்) குறைத்து, நிறைந்த வெள்ளி என்று விற்பவனை எங்கள் தெருவில் யாரும் மதிக்க மாட்டோம். ஐந்து வயதுப் பெண்குழந்தையை, பைசாந்தியப் பேரரசரின் மகள் சிமோனிஸை, அரசியல் உடன்பாட்டுக்காக 1299-ல் நான்காவதோ ஐந்தாவதோ மனைவியாகக் கட்டிக்கொண்டார். கலகம் செய்தான் என்று பெற்ற மகன் கண்ணில் சூடு வைக்கச் சொன்னார். கிராச்சானிட்சாவில் மிலூட்டின் கோயிலைக் கையில் ஏந்தி நிற்கிறார், எதிரே சிமோனிஸ். அவள் படத்தின் கண்கள் இரண்டையும் யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

பாவம் செய்தவன்தான் கோயில் கட்டுகிறான் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். அப்படி ஒரே வரியில் முடிக்க எனக்கு மனமில்லை. அந்தக் கோயிலுக்குள் இன்று நின்று கும்பிடும் கிழவிக்கு மிலூட்டினின் கணக்கு எதற்கு? உருகி வார்த்த பிறகு வெள்ளி யாருடைய அரைஞாணாக இருந்தது என்று கேட்பதில்லை. அதற்காகக் கண்ணில் சூடு வைத்ததை மறக்கச் சொல்லவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்கட்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். செர்பியர்களிடம் ஒரு பழைய சொலவடை இருக்கிறது. பிரிஸ்ரென் கோயிலின் தளம், டெச்சானியின் கோயில், பேச் என்ற ஊர் மடத்தின் முன்மண்டபம், பாஞ்ஸ்காவின் பொன், ரெசாவாவின் எழுத்து, இவை வேறு எங்கும் காணக் கிடைக்காது என்று.

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் சிற்பிகள் வாயில் இருப்பதும் இதுதானே? ஆவுடையார்கோயில் கொடுங்கை, கடாரங்கொண்டான் மதில், திருவலஞ்சுழி பலகணி, தாரமங்கலத்துத் தூண், இவை நீங்கலாக வேறு எதைச் சொன்னாலும் செய்து தருகிறோம் என்று கூலி பேசும்போதே சொல்லிவிடுவார்களாம். தாரமங்கலம் எங்களுக்குப் பஸ்ஸில் கொஞ்ச நேரம். கெட்டி முதலிமார்கள் எடுத்துக் கட்டிய கைலாசநாதர் கோயில். அப்பா என்னைச் சின்ன வயதில் கூட்டிப் போனது சாமி கும்பிட இல்லை, யாளி வாய்க்குள் உருளும் கல் பந்தைக் காட்ட. “வெளியில இருந்து உள்ள போடல. உள்ளயே செதுக்குனது. கம்பி முனை எப்படிப் போயிருக்கும்னு யோசி” என்பார். நான் யோசித்துக்கொண்டே நிற்பேன். கெட்டி முதலியின் பேர் ஊருக்கே தெரியும். அந்தப் பந்தைச் செதுக்கியவர் பேரை நான் இதுவரை எங்கும் கேட்டதில்லை.

டெச்சானிக்கு வாருங்கள். கண்ணில் சூடு பட்ட அந்த மகன்தான் பிறகு மூன்றாம் ஸ்டெஃபான் உரோஷ் என்று அரசரானவர். கண் முழுதாகப் போகவில்லை, புனித நிக்கோலாஸ் பார்வையைத் திருப்பித் தந்தார் என்பது நம்பிக்கை. அவர் 1327-ல் டெச்சானியைத் தொடங்கினார். முடிப்பதற்குள் 1331-ல் அவருடைய மகன் துஷானே அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டான். சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். கோயிலை முடித்ததும் அந்த மகன்தான். அப்பா பிள்ளைக் கதை இந்த வம்சத்தில் எப்படியெல்லாமோ போயிருக்கிறது. நெமான்யாவைப் போல இன்னொரு அப்பா வரவில்லை.

டெச்சானியின் தென்வாசலுக்கு மேலே ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் அரசன் பேரும் இளவரசன் பேரும் வருகின்றன. ஆனால் வாக்கியம் தொடங்குவது அவர்களிடமிருந்து இல்லை. கோட்டோர் நகரத்து விட்டா என்ற துறவி, தலைமைக் கட்டடக்காரர், இந்தக் கோயிலைக் கட்டினார், எட்டு ஆண்டில் கட்டினார், 6843-ம் ஆண்டில் முடித்தார் என்று இருக்கிறது. உலகம் படைத்த நாளிலிருந்து எண்ணும் அவர்கள் கணக்கில் 6843 என்றால் நமக்கு 1335. விட்டா ஃபிரான்சிஸ்கன் சபைத் துறவி, அதாவது கத்தோலிக்கர். கிழக்குத் திருச்சபையான ஆர்த்தடாக்ஸைச் சேர்ந்த அரசனுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார். கை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். பிரிஸ்ரென் மாதா கோயிலிலும் அப்படித்தான், நிக்கோலா என்ற கட்டடத் தலைவர் பேரும் அஸ்த்ராபாஸ் என்ற ஓவியர் பேரும் எழுதப்பட்டிருக்கின்றன.

எங்கள் தெரு மாரியம்மனுக்கு வெள்ளிக் கவசம் அப்பா செய்தது. நாலு கிலோ சொச்சம். நான் அப்போது துருத்தி மிதிக்கிற பையன். முகத்தை மெழுகு அரக்கில் பதித்து உள்ளிருந்து தட்டித் தட்டி எடுத்தார், மூக்கு நுனிக்கு மட்டும் ஒரு நாள். முடிந்ததும் கீழ்த் தகட்டில் உபயதாரர் பேர்களை எல்லாம் உளியால் வெட்டினார். பதினோரு பேர். கடைசிப் பேர் வெட்டிய பிறகு விரற்கடை இடம் மிச்சம் இருந்தது. அதை மெருகு போட்டுவிட்டு எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இப்போது கும்பாபிஷேகம் வருகிறது. கவசம் நெளிந்துவிட்டது, சரி செய்து தரச் சொல்லி என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். அந்த மிச்ச இடத்தில் அப்பா பேரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கோயில் பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்கப்பாவே போட்டுக்கலையே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் பதிலும் இல்லை. ஆனாலும் போடத்தான் போகிறேன், அவரிடம் இன்னொரு முறை கேட்டுவிட்டு. விட்டாவின் பேர் இருப்பதால் டெச்சானி அரசனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

துஷான் காலத்திலும் அதற்குப் பின்னும் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. அவர் 1346-ல் பேரரசராக முடிசூடினார். பிரிஸ்ரென் பக்கத்தில் தனக்கென்று கட்டிய தேவதூதர் மடம் இன்று அடித்தளம் மட்டும்தான், அதன் கல்லைப் பெயர்த்துப் பின்னாளில் மசூதிக்குக் கொண்டுபோனார்கள். 1389-ல் துருக்கியரோடு நடந்த கொசோவோ போரில் இளவரசர் லாசார் இறந்தார். அவர் கட்டியது ரவானிட்சா. அவர் மகன் ஸ்டெஃபான் லாசரேவிச் 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ரெசாவா மடத்துக்கு 11 கோபுரத்தோடு கோட்டை மதில். சாமி கும்பிடும் இடத்துக்கு அவ்வளவு மதில் தேவைப்பட்டது என்றால் காலம் எப்படி இருந்திருக்கும். அந்த மதிலுக்குள் உட்கார்ந்து பிரதி எடுத்தவர்களின் கையெழுத்தைத்தான் சொலவடை ‘ரெசாவாவின் எழுத்து’ என்கிறது. அதே அரசர் 1412-ல் சுரங்கச் சட்டமும் எழுதினார்.

ஒரு பெண்ணை மட்டும் விட முடியாது. யெஃபிமியா. கணவனைப் போரில் இழந்து துறவியானவர். லாசாரின் உடலுக்குப் போர்த்த 1402-ல் ஒரு சிவப்புப் பட்டில் பொன் முலாம் பூசிய வெள்ளி இழையால் ஒரு வேண்டுதலையே எழுத்தெழுத்தாகத் தைத்தார். நம் ஜரிகையும் அதே கூட்டுதான், வெள்ளி இழைமேல் பொன். அதைத் தயாரித்துக் கொடுத்தவர் ஒருவர் இருந்திருப்பார்.

டெச்சானியும் கிராச்சானிட்சாவும் பாஞ்ஸ்காவும் இப்போது, தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட கொசோவோவுக்குள் இருக்கின்றன. பிரிஸ்ரென் மாதா கோயிலுக்கு 2004 கலவரத்தில் தீ வைத்தார்கள். டெச்சானி வாசலில் இன்னும் சர்வதேச அமைதிப்படை காவல். மகன் வைத்திருக்கும் அனுமதிச் சீட்டோடு அங்கே போய்வருவது சிக்கல், போக வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஆனால் பாஞ்ஸ்காவின் பொன்னில் ஒரு துளி பெல்கிரேடில் இருக்கிறது. 1915-ல் இடிந்து கிடந்த பாஞ்ஸ்கா மடத்தைத் தோண்டியபோது ஒரு கல்லறையில் ஒரு பொன் மோதிரம் கிடைத்தது. துஷானின் அம்மா தியோடோரா அரசியுடையது என்கிறார்கள். முகப்பில் இரட்டைத் தலைக் கழுகு. நம் ஊர் நகையில் வரும் கண்டபேரண்டம் நினைவுக்கு வரும். மோதிரத்தில் எழுத்தும் உண்டு: இதை அணிபவருக்குக் கடவுள் துணை செய்யட்டும். அரசி பேர் இல்லை, அரசன் பேர் இல்லை. யார் விரலில் இருந்தாலும் செல்லும்.

மோதிரம் அங்கே தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரும் விடுமுறையில் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். நேற்று ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம். அவன் கிளம்பிய பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. கழுகு வார்ப்பா, உளியில் வெட்டியதா என்று பார்க்கச் சொன்னேன். வளையத்தை எங்கே பற்றவைத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன்.

“கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும்பா, அதெல்லாம் எப்படித் தெரியும்?”

“வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி நில்லு. கொஞ்சம் குனி. பொடி ஓடுன இடம் தனியாத் தெரியும். உனக்குத் தெரியும்டா, பத்தாவதுலயே பாத்துச் சொல்லுவ.”

“ம். பாத்துட்டுச் சொல்றேங்கப்பா.”